கூரை போட்ட பாலம்

சிலருக்கு ஊர் சுற்றுவதென்றால் உயிர். பிரயாணத்துக்கு மூட்டை கட்டும்போதே அவர்களுக்குப் பத்து வயது குறைந்துவிடும். நான் அந்த ரகம் அல்ல. சேத்துப்பட்டிலிருந்து ஆரணிக்குப் போய் வருவதே எனக்கு ஒரு யாத்திரை. அப்படிப்பட்டவன் 2017ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் கடல் தாண்டி இலங்கைக்குப் போய், ஒரு பகல் முழுவதும் ரயிலில் உட்கார்ந்து, மலைநாட்டின் கோடியில் இருக்கும் பதுளையில் இறங்கினேன் என்றால் யார் நம்புவார்கள்? வீட்டிலேயே நம்பவில்லை.

"அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு பாலம்" என்றேன்.

அவள் என் நெற்றியைத் தொட்டுச் சுரம் இருக்கிறதா என்று பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பாலத்தைப் பார்க்கப் போனேன் என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் அந்த நாளில் இரண்டு குழித்தறிகள் இருந்தன. அப்பா ஆரணி முதலாளிகளிடம் பட்டும் ஜரிகையும் வாங்கி வந்து கூலிக்குப் புடவை நெய்தவர். தறி ஓடுகிற வீட்டில் தார் சுற்றுவதற்கு ஒரு கை எப்போதும் வேண்டும். நாடாவுக்குள் போகும் அந்தச் சின்னஞ்சிறு குழலில் இழையைச் சுற்றிக் கொடுப்பதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டியதில்லை, பொறுமை வேண்டும். 1972இல் அந்த வேலைக்கு எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தவள்தான் சிலோன் ஆயா. எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்று சொல்வோம். அவளுக்கு அப்போது ஐம்பது வயதுதான் இருந்திருக்கும். பத்து வயதுப் பையனுக்கு ஐம்பது வயது என்றால் கிழவிதானே?

அவள் எப்படி வந்தாள் என்பதை இன்றைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 1948இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே வருஷத்தில் வந்த பிரஜா உரிமைச் சட்டம், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த நம்மவர்களில் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கிவிட்டது. பிறகு 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். நெல் மூட்டையைப் பங்கு போடும்போதுகூட எங்கள் ஊரில் இதைவிட அதிகமாகப் பேசுவார்கள்.

அந்த ஐந்தேகால் லட்சத்தில் ஆயா ஒருத்தி. புருஷனை அந்த மண்ணில் விட்டுவிட்டு, மகன், மருமகள், பேத்தியுடன் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்து, பாட்டனார் பிறந்த ஊர் என்ற ஒரே காரணத்துக்காகச் சேத்துப்பட்டுக்கு வந்து சேர்ந்தாள். சர்க்கார் காகிதத்தில் இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். ஊவா மாகாணத்து லயத்தில் பிறந்தவள். அதுவரை சேத்துப்பட்டைக் கண்ணால் கண்டதில்லை. அவள் எங்கே திரும்பினாள் என்று அந்தக் காகிதத்தை எழுதியவரைத்தான் கேட்க வேண்டும்.

தார் சுற்றுகிற கைக்கு வேலை உண்டு. வாய்க்கு வேலை கிடையாது. ஆகவே ஆயா பேசிக்கொண்டிருப்பாள். பனி, குளிர், பிரட்டுக் களம், பீலித் தண்ணீர், கொழுந்துக் கூடை என்று என்னென்னவோ வரும். ஆனால் எதைத் தொடங்கினாலும் கடைசியில் ஒரு பாலத்தில் வந்து முடிப்பாள்.

"தம்பி, எங்க நாட்டுல ஆத்து மேல ஒரு பாலம் இருக்கு. வீடு மாதிரி ஓட்டுக் கூரை போட்ட பாலம். அத்தனையும் மரம். ஒரு இரும்பு ஆணி கெடையாது. யானையே நடந்து போகும்!"

எங்களுக்குச் சிரிப்புத் தாங்காது. வாசகர்கள் எங்கள் பக்கத்து ஆறுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆரணியில் ஓடுவது கமண்டல நாகநதி. பெயரிலாவது ஒரு கமண்டலம் தண்ணீர் உண்டு. ஆற்றில் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அதுவும் இராது. மணலில் இறங்கி நடந்து அக்கரைக்குப் போய்விடலாம். பாலம் என்பதே எங்களுக்கு ஓர் ஆடம்பரம். அதற்குக் கூரை வேறா? "ஆத்துக்குக் கூரை போட்டா மழ எங்க ஆயா பெய்யும்?" என்று நாங்கள் கேட்போம். "எங்க நாடு" என்று அவள் சொல்வது தெருவில் பெரியவர்களுக்கும் பிடிக்காது. "இது இன்னாடீ, உன் நாடு இல்லியா?" என்பார்கள்.

அவள் பாலத்தைப் பற்றிச் சொன்னதில் இன்னொன்றும் உண்டு. தேயிலை விலை சரிந்து, 1930களின் ஆரம்பத்தில் தோட்டங்களில் ஆட்குறைப்பு நடந்த சமயம். ஆயாவுக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. அவள் அப்பனுடைய பெயரைத் தோட்டத்தில் வெட்டிவிட்டார்கள். பெயர் வெட்டினால் வேலை மட்டும் போகாது. லயத்து அறையும் போய்விடும். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு வேறு தோட்டம் தேடிக் குடும்பமே நடந்தது. இருட்டிவிட்டது, மழையும் பிடித்துக்கொண்டது. அப்போது அந்தப் பாலம் வந்தது. ராத்திரி முழுவதும் அதிலேயே படுத்துக்கொண்டார்களாம். ஏற்கெனவே அங்கே நாலைந்து சிங்களவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். ஒருவர் அவித்த பலாக்கொட்டை கொடுத்தார்.

"யாருன்னு கேக்கல. எந்தத் தோட்டம்னு கேக்கல. சீட்டு இருக்கான்னு கேக்கல. படுத்தா முதுகுக்குக் கீழ ஆறு ஓடுது, முகத்துக்கு மேல மழ பெய்யுது. நடுவுல நாங்க நனையாம கெடந்தோம் தம்பி!"

இந்த இடத்தில் அவள் கை ஒரு கணம் நிற்கும். பிறகு மறுபடியும் ராட்டை சுற்றும். நாங்கள் ராட்டையைத்தான் பார்த்தோம்.

அப்பா ஒருவர்தான் அவளிடம் ஒழுங்காக ஒரு கேள்வி கேட்டவர். "ஆணி இல்லாம எப்படிம்மா நிக்குது?"

"ஆப்புங்க. மர ஆப்பு அடிச்சிருக்காங்க. தூணைத் துளைச்சு, கட்டையச் சொருகி, ஆப்பு எறக்கியிருக்கு."

அப்பா தறியை ஒருமுறை பார்த்தார். குழித்தறியிலும் அப்படித்தான், துளை, சொருகல், ஆப்பு. ஆணித்தலை எங்கேனும் நீட்டிக்கொண்டிருந்தால் பட்டு இழை மாட்டி அறுந்துபோகும். அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா, "அவ பாத்துட்டுத்தான் சொல்றா. பாக்காதவளுக்கு ஆப்பு தெரியாது" என்றார். கதை எழுதுகிறவனுக்கு இதைவிட நல்ல பாடத்தை எவரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. ஆனால் நான் சோற்றில் மோர் போதவில்லை என்று அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

என் முதல் நாவல் 1988இல் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்தது. அதில் ரங்கூன் பாட்டி என்று ஒரு பாத்திரம். வாயைத் திறந்தால் புளுகுவாள். ஆற்றுக்குக் கூரை போட்டிருந்தது என்பாள். அதன் மேல் யானை நடந்தது என்பாள். தெருப் பிள்ளைகள் அவள் பின்னால் கைதட்டிக்கொண்டு போவார்கள். சிலோனை ரங்கூன் ஆக்கினேன். என் கற்பனை அவ்வளவுதான். அந்த அத்தியாயத்துக்கு வந்த கடிதங்கள் வேறு எதற்கும் வரவில்லை. விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தார்கள். நான் அந்தக் கடிதங்களை ஒரு தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினேன்.

எங்கள் தெருவில் அதை வாசித்தது ஆயாவின் பேத்தி. எழுத்துக் கூட்டி, உரக்க, திண்ணையில் உட்கார்ந்து நாலு பேருக்கு நடுவில் வாசித்தாளாம். பாதியில் அவளுக்கே விளங்கிப்போய் நிறுத்தப் பார்த்தாளாம். ஆயாதான், "படி, படி" என்று சொன்னாளாம். மறுநாள் வழக்கம்போல் வேலைக்கு வந்தாள். நான் அப்போது ஊரில் இருந்தேன். என்னைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்க தம்பி. எல்லாரும் சிரிச்சாங்க" என்றாள்.

எனக்கு அது பாராட்டாகவே பட்டது. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான். அதற்குப் பிறகு அவள் பாலத்தைப் பற்றிப் பேசவில்லை என்பதை அம்மா சொல்லித்தான் நான் அறிந்தேன். அதுவும் 1991இல் ஆயா காலமான பிறகு.

சென்னையில் ஒரு பதிப்பாளர் அந்த நாவலை மறுபதிப்புப் போட விரும்பினார். திருத்தங்கள் இருந்தால் செய்து அனுப்புங்கள் என்றார். சரி என்று உட்கார்ந்தேன். ரங்கூன் பாட்டி அத்தியாயத்தைக் கையில் வைத்திருந்த அதே வாரத்தில், பல் வைத்தியரின் முன்னறையில் கிடந்த ஒரு பழைய சஞ்சிகையைப் புரட்டினேன். நடுப்பக்கத்தில் ஒரு படம். பச்சை மலைச் சரிவு, கீழே ஓடை, அதன் குறுக்கே ஓட்டுக் கூரை போட்ட மரப்பாலம். 'போகொட, பதுளை மாவட்டம், இலங்கை' என்று அச்சிட்டிருந்தது. வைத்தியர் இரண்டு முறை கூப்பிட்டார். நான் எழுந்திருக்கவில்லை. (நாவல் இன்றுவரை மறுபதிப்பு வரவில்லை. பதிப்பாளருக்கு என் மேல் வருத்தம்.)

கொழும்பிலிருந்து பதுளைக்குச் சுமார் 290 கிலோமீட்டர். காலையில் கோட்டை நிலையத்தில் ஏறியவன் சாயங்காலம்தான் இறங்கினேன். பட்டிப்பொளை என்ற இடத்தில் ரயில் பாதை ஆறாயிரம் அடிக்கு மேல் ஏறி, பிறகு இறங்குகிறது. தெமோதரையில் ரயில் மலையைச் சுற்றிக்கொண்டு வந்து, தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. 1924இல் பதுளை வரை வந்த அந்தப் பாதை அதற்கு மேல் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே மணிக்கணக்காகத் தேயிலை. பச்சைக் கம்பளம் என்று எழுதுவார்கள், நானும் எழுதியிருக்கிறேன். கிட்டத்தில் பார்த்தால் கம்பளத்துக்கு நடுவே வரிசை வரிசையாகத் தகரக் கூரை லயங்கள் தெரிகின்றன.

பதுளை பழைய ஊர். பதுளு ஓயா என்னும் ஆறு ஊரைக் கிட்டத்தட்ட முழுவதும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. 1630இல் போர்த்துக்கீசியத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா படையோடு வந்து இந்த ஊரைக் கொளுத்தினான். திரும்பும் வழியில் ரந்தெனிவெலவில் கண்டிச் சைனியம் அவனையும் அவன் படையையும் அழித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் பெற்று, 1845இல் இடி விழுந்து செத்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டிய மாதா கோயில் ஒன்று இங்கே இருக்கிறது. முதியங்கனை விகாரை, அதைச் சுற்றிப் பூக்கடைகள், பஸ் நிலையத்தில் தமிழும் சிங்களமும் கலந்த கூச்சல். இட்லிகூடக் கிடைத்தது. சாம்பாரைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

மறுநாள் காலையில் ஒரு 'த்ரீவீல்' பேசிக்கொண்டேன். நம் ஊர் ஆட்டோவுக்கு அங்கே அதுதான் பெயர். ஓட்டியவர் தோட்டத்துத் தமிழர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஹாலி எல வரை நல்ல ரோடு. அங்கிருந்து பிரிந்து மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்க வேண்டும். "அந்தப் பாலத்துக்கா ஐயா? நான் ஒரு தடவதான் போயிருக்கேன், ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்க" என்றார்.

வண்டி ஒரு விகாரையின் அருகே நின்றது. கி.மு. முதல் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் உண்டாக்கியதென்று பெயர் பெற்ற குகைக் கோயில் அது. அங்கிருந்து படிகள் கீழே இறங்குகின்றன. செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். ஓடையின் சத்தம் முதலில் வந்தது. பிறகு ஓட்டுக் கூரையின் முதுகு. பிறகு பாலம்.

ஒரு நிமிஷம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு சின்னப் பாலம்! நீளம் ஐம்பது அடி இருக்கும். அகலம் ஆறு அடி. யானையாவது, போவதாவது! நல்ல எருமை ஒன்று எதிரே வந்தால் நாம் பின்வாங்க வேண்டும். ஆக, ஆயாவும் கொஞ்சம் புளுகியிருக்கிறாள் என்று எனக்குள் ஒருவன் அற்ப சந்தோஷப்பட்டான். அவனை எனக்குப் பழக்கம் உண்டு. 1988இல் அந்த அத்தியாயத்தை எழுதியவன் அவன்தான். எட்டு வயதுப் பெண் குழந்தை இருட்டில், மழையில், தலையில் சட்டியோடு நின்று அண்ணாந்து பார்த்தால் அந்தக் கூரை எவ்வளவு உயரமாகத் தெரிந்திருக்கும் என்பது அவனுக்கு உறைக்கச் சற்று நேரமாயிற்று.

கல்லந்த ஓயாவின் படுகையிலிருந்து முழு மரங்களை நிறுத்தி அவற்றின் மேல் தளம் போட்டிருக்கிறார்கள். இரு பக்கமும் மரக் கைப்பிடி, வரிசையாகத் தூண்கள், அவற்றின் மேல் சரிவான ஓட்டுக் கூரை. பதினாறாம் நூற்றாண்டு வேலை என்கிறார்கள். இலங்கையில் மிஞ்சியிருக்கும் மரப்பாலங்களில் இதுவே பழையது என்றும் சொல்கிறார்கள். பதுளைக்கும் கண்டிக்கும் இடையே இருந்த பழைய வழியில் இது ஒரு கடவை. தளத்துப் பலகைகள் எல்லாம் ஒரே மரத்தில் அறுத்தவை என்று ஊரில் ஒரு கதை உண்டு. சில பலகைகள் பிற்பாடு மாற்றியவை என்பது கண்ணுக்கே தெரிகிறது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தூணாகப் பார்த்தேன். துளை. சொருகல். ஆப்பு. விரலால் தடவினேன். எங்கள் வீட்டுப் படைமரத்தில் தடவியது போலவே இருந்தது.

பாலத்துக்குக் கூரை எதற்கு? ஊருக்குத் திரும்பிய பிறகு புத்தகங்களைப் புரட்டித் தெரிந்துகொண்டேன். மரப்பாலத்துக்குச் சத்துரு ஆற்று வெள்ளம் மட்டுமல்ல, மழைத் தண்ணீரும்தான். மூட்டுகளில் ஈரம் இறங்கினால் மரம் உளுத்துவிடும். கூரையில்லாத மரப்பாலம் இருபது வருஷம் நின்றால் அதிகம்; கூரை போட்டுவிட்டால் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும். ஸ்விட்ஸர்லாந்தில் லூஸெர்ன் நகரத்தில் பதினான்காம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கூரைப் பாலம் இருக்கிறது. 1993 ஆகஸ்டில் ஒரு ராத்திரி அதில் பெரும் பகுதி எரிந்துபோயிற்று. மறு வருஷமே திரும்பக் கட்டிவிட்டார்கள். வியத்நாமில் ஹோய் ஆன் என்று ஓர் ஆற்றங்கரைத் துறைமுக ஊர். பட்டு வியாபாரத்துக்குப் பெயர் போனது. அங்கே ஜப்பானிய வர்த்தகர்கள் பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் போட்ட கூரைப் பாலத்துக்குள் ஒரு கோயிலே இருக்கிறது. அந்தப் பாலத்தை இருபதாயிரம் டாங் நோட்டில் அச்சிட்டிருக்கிறார்கள். அதையும் சமீபத்தில் பழுதுபார்த்து 2024இல் திறந்தார்கள். புதிதுபோல் பளபளக்கிறது என்று ஜனங்கள் கோபித்துக்கொண்டார்களாம். ஆகக் கூரை மனிதர்களுக்காக அல்ல, மரத்துக்காக. தச்சன் கணக்கு அது. ஆயாவிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

நான் தூண்களைப் பார்த்து முடிக்கும் முன்பே மழை வந்துவிட்டது. ஐப்பசி மழை, அந்த ஊரில் அது முன்னறிவிப்பு இல்லாமல் வருகிறது. சரிவிலிருந்து விறகுக் கட்டோடு இரண்டு சிங்களப் பெண்கள் ஓடிவந்து பாலத்தில் ஏறினார்கள். பின்னால் புத்தகப் பையோடு ஒரு பையன். த்ரீவீல்காரரும் தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கி வந்தார். எல்லாரும் ஒதுங்கி நின்றோம். யாரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.

அப்புறம் நான் செய்ததை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. மேல் துண்டை விரித்து, ஐம்பத்தைந்து வயது மனிதன், ஜிப்பாவோடு அந்தப் பலகையில் மல்லாந்து படுத்துக்கொண்டேன். பையன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். மேலே படிக்கட்டில் குடையோடு ஓர் இளம் பிக்கு நின்று பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. முதுகுக்குக் கீழே ஆறு ஓடியது. பலகை வழியாக அதன் அதிர்வு எலும்பில் ஏறுகிறது. முகத்துக்கு நேர் மேலே ஓட்டில் மழை. அவள் சொன்னது ஒரு எழுத்துப் பிசகவில்லை.

நான் எழுந்து உட்கார்ந்தபோது த்ரீவீல்காரர் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐயாவுக்கு இந்தப் பக்கம் சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தாங்களா?" என்றார்.

"எங்க ஆயா" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்படிங்களா! எந்தத் தோட்டம்? சொல்லுங்க ஐயா, இப்பவே போய்ப் பாத்துட்டு வந்துரலாம். இந்தப் பக்கத்துத் தோட்டமெல்லாம் எனக்குத் தெரியும்."

நான் யோசித்தேன். பத்தொன்பது வருஷம் அவள் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தார் சுற்றினாள். தோட்டத்தின் பெயரை அவள் சொல்லியிருப்பாள். நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். எனக்கு ஞாபகம் வரவில்லை.

"தெரியலையே" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "மழ விடட்டும் ஐயா" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து வெற்றிலைச் சுருளை எடுத்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.